ஆடிக் காற்றுக்கு அப்பாயின்ட்மென்ட்!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜன்னல் இருக்கிறது. நாலடி அகலம், நாலடி உயரம். மேற்குப் பார்த்தது. வீடு பார்க்கப் போன அன்று பில்டரின் ஆள் அதைத் திறந்து காட்டினார். தூரத்தில் மலை. மலைமேல் மருதமலைக் கோயில் விளக்கு. ஜிலுஜிலுவென்று காற்று. "பாலக்காட்டுக் காத்துங்க சார். இதுக்குத் தனியா சார்ஜ் கிடையாது!" என்றார். அந்த ஒரு ஜோக்குக்காக இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஜன்னல் முழு மனசோடு திறந்து கிடந்தது அன்றைக்குத்தான்.

ஒரே வருஷத்தில் எதிரே இன்னொரு பிளாக் எழும்பியது. மருதமலை மறைந்து அந்த இடத்தில் ஒரு பால்கனி வந்தது. பால்கனியில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு பெரியவர், பெரியவர் கையில் ஒரு பேப்பர். நல்ல மனுஷர். ஆனால் அவர் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எங்கள் ஹாலும் கண்ணில் படும். "ஏனுங்க, அவரு பேப்பர் படிக்கிறாரா, நம்ம ஊட்டைப் படிக்கிறாரா?" என்று கேட்டபடியே என் மனைவி கண்ணாடியைச் சாத்தினாள். சாயங்காலம் கொசு என்று மகள் சாத்தினாள். கம்ப்யூட்டர் மேல் தூசி என்று நான் சாத்தினேன். ஆக, ஒருமனதாக ஜன்னல் மூடப்பட்டது.

ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டு. அப்பா!

அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கூடவே இளைப்பும் வந்தது. விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்து, சத்தம் போடாமல் ஜன்னலைத் திறந்து, அதன்முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆறு மணிக்கு என் மனைவி காபியைக் கொடுத்துவிட்டு, "மாமா, பனி ஆவாதுங்க" என்று மூடிவிடுவாள். மருமகள் சமையலறைக்குள் போனதும் அவர் திறப்பார். ஸ்கூல் பையோடு வரும் பேத்தி மூடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கண்ணாடி போய் வருகிறது என்று கணக்கு வைத்திருந்தால், காந்திபுரம் டவுன் பஸ் தோற்றுப்போகும்.

அடியேன் பி.காம். பாதி நேரம் ஊரார் கணக்கை எழுதுகிறேன். மீதி நேரம் இந்த மாதிரி எழுதுகிறேன். குடும்பத் தகராறில் தலையிடக் கூடாது என்பது கணக்கு எழுதுகிறவனின் முதல் பாடம். நானும் தலையிடவில்லை, அந்த ஐப்பசி மாத ராத்திரி வரைக்கும்.

அன்றைக்கு நல்ல மழை. மழை விட்டதும் கொசு. அப்பா படுக்கும் அறையை இறுக்கிச் சாத்தி, கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்தது சாட்சாத் நான்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சத்தம். மூலையில் கிடக்கும் பழைய ஆர்மோனியப் பெட்டியை யாரோ அமுக்குகிற மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு வரவில்லை. ஜன்னல் பக்கம் கையை மட்டும் காட்டுகிறார்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். விடிந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்தைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "அவர் ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் திறப்பதில்லை என்றேன். சுருள் விஷயத்தையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அப்புறம்தான் நான் தேடிப் படித்தேன். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வாழ்நாளில் ஒரு பீடி குடிக்காத மனுஷனை, மூடின அறைக்குள் படுக்கவைத்து, ஒரே ராத்திரியில் அத்தனையும் குடிக்கவைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். நானே போய்க் கண்ணாடியைத் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர் சொன்னார்: "மில்லுல ஸ்பின்னிங் டிப்பார்ட்மென்ட்ல ஜன்னலைத் தொறக்க வுட மாட்டாங்க கண்ணு. காத்து பட்டா ஈரம் காஞ்சு நூலு அறுந்துரும். முப்பத்தோரு வருஷம். ரிடையர் ஆனா நல்லா காத்து வாங்கலாம்னு இருந்தேன்."

இது நிஜம். பஞ்சு நூலாகும் இடத்தில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும். அதனால் ஜன்னலை அடைத்துவிட்டு, உள்ளே நீராவி மாதிரி ஈரத்தைப் பரப்புவார்கள். 1888-ல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து கோயமுத்தூர் பேர் வாங்கியது அந்த நூலை வைத்துத்தான். எங்கள் வீட்டு அரிசியும், என் பி.காம். பீஸும் அதில் வந்தவைதான். அந்த மனுஷன் ரிடையர் ஆகி வந்தால், வீட்டிலும் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம்.

சரி, இனி கணக்கு எழுதுகிறவன் சும்மா இருக்கக் கூடாது என்று பேனாவை எடுத்தேன்.

பேரிலேயே காற்று

'ஜன்னல்' தமிழ் வார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர்த்துக்கீசியரின் 'ஜனெலா'. சாவி, மேஜை, அலமாரியெல்லாம் வந்த அதே கப்பலில் வந்து இறங்கியது. அதற்கு முன்னால் நம் ஆட்கள் வைத்திருந்த பெயர்களில் ஒன்று 'காலதர்'. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு மான் கண் போன்ற துளைகள் வைத்த காலதர் உண்டு. இங்கிலீஷ்காரனின் 'விண்டோ'வும் அதே கதைதான். பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, இரண்டு தேசத்துப் பாட்டன்களும் ஜன்னல் வைத்தது வெளிச்சத்துக்கும் வேடிக்கைக்கும் முன்னால், காற்றுக்காகத்தான்.

அதிலும் நம்ம ஊர்க் காற்று சாதாரணக் காற்றா! மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எடுத்த மாதிரி நிற்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று அந்தச் சந்தில் நுழைந்து வேகம் பிடித்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது சும்மா அழகுக்கில்லை. இயற்கையே ஒரு பெரிய ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு எதிரில் வீடு கட்டிக்கொண்டு நாம் ஏ.சி. விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வரவும் செலவும்

ஒரு ஜன்னலிடம் நான்கு பேர் நான்கு கேட்கிறார்கள். அப்பாவுக்குக் காற்று. மனைவிக்கு மறைப்பு. மகளுக்குப் படிக்க வெளிச்சம். எனக்கு மத்தியான வெயில் வரக் கூடாது. இதற்கு என்னென்ன வழி?

திரைச்சீலை: வரவு, விலை குறைவு. செலவு, மூடினால் காற்று நின்றுவிடும். ஆடிக் காற்றிலோ திரை மூடியே இருக்காது. ஃபேன் வரைக்கும் பறந்து, டீப்பாய் மேல் இருக்கும் டம்ளரைத் தட்டிவிட்டுத்தான் இறங்கும்.

பில்டர் போட்டுக் கொடுத்த சறுக்குக் கண்ணாடி: இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாலடி ஜன்னலுக்குக் காசு வாங்குவார்கள். ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்பதால், திறப்பது ரெண்டடிதான். பாதி முதல் எப்போதும் முடக்கம்!

வெளியே தட்டி: வெயிலைத் தடுக்க இதுதான் உத்தமம். சூடு கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுத்துவிடும். ஆனால் எங்கள் அசோசியேஷன் விதி இருக்கிறதே! 'கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் கூடாது.' வெளியே ஒரு துண்டு காயப்போட்டாலே நோட்டீஸ் வரும்.

மிச்சம் இருப்பது உள்பக்கம். உள்ளே மரக்கதவு போடுவது.

'பிளான்டேஷன்' படலம்

ஒரு ஷோரூமுக்குப் போனோம். டை கட்டின பையன், வெள்ளைப் பெயின்ட் அடித்த, சாய்பலகை வைத்த கதவைத் திறந்து திறந்து காட்டினான். "இதுக்குப் பேரு பிளான்டேஷன் ஷட்டர் சார்." அப்படியென்றால் என்ன என்று அப்பா கேட்டார். "தோட்டத்துல வெள்ளைக்காரங்க வீட்டு ஜன்னல்ங்க." அப்பா யோசித்தார். "நாங்களும் தோட்டத்துக்காரங்கதான் தம்பி. எங்க தோட்டத்துச் சாளைல ஜன்னலே கெடையாதே!"

விலையைக் கேட்டதும் எனக்கும் கொஞ்சம் இளைப்பு வந்தது. விசாரித்தால், விலை குறைந்தவை அமுக்கிய மரத்தூள் பலகை. மழைச்சாரல் பட்டால் ஊதிவிடும். ஊதாத நல்ல மரம் என்றால், மூன்று ஜன்னலுக்கு என் மூன்று மாத வருமானம்.

இந்தச் சாய்பலகை ஜன்னல் நமக்குப் புதுசில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுத் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வகை ஜன்னலுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று 'ழாலூஸி'. அர்த்தம், பொறாமை! உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியே தெரியும். வெளியே இருக்கிறவர்களுக்கு உள்ளே தெரியாது. எதிர் பால்கனிப் பெரியவரை நினைத்து, "பேரு பொருத்தமாத்தான் இருக்குதுங்க" என்றாள் என் மனைவி.

கடைசியில் அப்பாவே ஓர் ஆசாரியைக் கூட்டி வந்தார். வந்தவர் அளவு எடுக்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். வெயில் எங்கே விழுகிறது, பெரியவர் எங்கே உட்காருகிறார், காற்று எந்தப் பாதியில் வருகிறது என்று பார்த்தாராம். பிறகு சொன்னார்: "நாலு கதவு போட்றலாங்க தம்பி. மேல ரெண்டு, கீழ ரெண்டு. உங்க அமுச்சி ஊட்டுல இருந்துருக்குமே!"

எனக்குப் பொறி தட்டியது. இருந்தது! காங்கேயம் பக்கத்தில் அமுச்சி வீட்டில், இரும்புக் கம்பி வைத்த ஜன்னலுக்கு உள்பக்கம் திறக்கும் நாலு குட்டிக் கதவுகள். ராத்திரி கீழ் ரெண்டையும் சாத்தி, மேல் ரெண்டைத் திறந்துவிடுவாள். படுத்திருப்பவர் மேல் நேராகக் காற்று அடிக்காது. தெருவில் போகிறவர் கண்ணுக்கும் படாது. மேலே சேரும் சூடு அந்த வழியாகவே வெளியேறிவிடும். ஷோரூம் பையன் மூன்று மாத வருமானம் கேட்ட சமாச்சாரத்தில் பாதியை, அமுச்சி தாழ்ப்பாளை நீக்கியே செய்திருக்கிறாள்.

ஆசாரி இன்னொரு சிக்கனமும் சொன்னார். சறுக்குக் கண்ணாடி எப்படியும் ஒரு பாதிதான் திறக்கும். அந்தப் பாதிக்கு நேராக இருக்கும் கதவுகளில் மட்டும் சாய்பலகை. மற்ற பாதிக்கு வெறும் பலகை. காற்று வராத பக்கத்தில் சாய்பலகை எதற்கு? கூலியில் பாதி மிச்சம். பி.காம். படித்த எனக்கு இது தோன்றவில்லை.

கொங்கும் கோங்கும்

எந்த மரம்? மரக்கடையில் "தேக்கா, வேங்கையா, படாக்கா, கோங்கா?" என்று அடுக்கினார்கள். கொங்கு நாட்டுக்காரனுக்குக் கோங்கு மரம் என்று எனக்குச் சபலம். ஆசாரி மசியவில்லை. நிலைக்கு அது போதும். மெல்லிய சாய்பலகை முறுக்காமல் இருக்கணும்னா தேக்குதான் என்றார். அதிலும் பழைய தேக்கு. இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடையில் தேடினோம். பத்து நாற்பது வருஷம் வெயிலும் மழையும் பார்த்த மரம், வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்திருக்கும். மனுஷர்களும் அப்படித்தான் என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

தேக்கு என்றதும் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து டாப்ஸ்லிப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. மேலேயிருந்து மரத்தை உருட்டிச் சறுக்கிவிட்ட இடம். அதனால் அந்தப் பெயர். கப்பலுக்கும் ரயிலுக்கும் என்று வெள்ளைக்காரர்கள் வெட்டித் தீர்த்த ஆனைமலைக் காட்டில், மறுபடி தேக்கைத் துளிர்க்க வைத்த வன அதிகாரி ஹ்யூகோ வுட். பெயரே 'வுட்'! 1933-ல் இறந்த அவரை டாப்ஸ்லிப்பிலேயே, அந்த மரங்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். அடுத்த முறை யானை பார்க்கப் போனால் அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

போடப் போகிறீர்களா? கவனியுங்கள்

1. உள்பக்கம் திறக்கும் கதவுக்கு இடம் வேண்டும். முதலில் சோபாவை நகர்த்துங்கள். எங்கள் வீட்டில் கதவு வந்த அன்றே டி.வி. மேல் இருந்த தஞ்சாவூர் பொம்மை நிரந்தரமாகத் தலையை ஆட்டுவதை நிறுத்திக்கொண்டது. இடம் குறைவென்றால் ஒவ்வொரு கதவையும் ரெண்டாக மடிக்கும்படி கீல் வைக்கச் சொல்லுங்கள்.

2. சாய்பலகையில் ஒன்றின் கீழ் விளிம்பு அடுத்ததன் மேல் விளிம்பைத் தாண்டி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரருக்கு நேர்பார்வை.

3. வெளி விளிம்பு தாழ்ந்திருந்தால் உச்சி வெயிலும் மாடியிலிருந்து வரும் பார்வையும் மறையும். வெளி விளிம்பு உயர்ந்திருந்தால் தெருவிலிருந்து வரும் பார்வை மறையும். ஆகாய வெளிச்சம் வரும். நீங்கள் எந்த மாடி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. கொசுவலை எந்த அடுக்கில் வருகிறது என்று முன்பே தீர்மானியுங்கள். மழை வந்தால் வலையைத் திறந்துதான் கண்ணாடியை மூட முடியும் என்றால், மழைக்கு முன்னால் கொசு வந்துவிடும்.

5. ஒரு ஜன்னலைத் திறந்தால் காற்று வராது. போவதற்கும் வழி வேண்டும். மேற்கு ஜன்னலோடு கிழக்கே சமையலறை ஜன்னலையும் திறந்தோம். வந்தது பாருங்கள் காற்று! நடுவில் இருந்த கதவு 'டமார்' என்றது. கதவுக்கு ஒரு செங்கல் வைத்துவிடுங்கள்.

6. உள்கதவு வெயிலின் கண்கூச்சத்தைத் தடுக்கும்; சூட்டை முழுசாகத் தடுக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு பாதி வீட்டுக்குள் வந்த மாதிரிதான். வெளியே நிழல் போட வசதி இருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

7. ஐப்பசி மழையில் மரம் ஊதிக் கதவு பிடிக்கும். உடனே இழைப்புளியைத் தூக்காதீர்கள். பங்குனியில் அதே மரம் சுருங்கி, ஓட்டை வழியே பல்லி வரும். பிடிக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

அப்பா ஊருக்குப் போனார்

கதவு போட்டதும் வீட்டில் சமாதானம் வந்துவிட்டது. காலை அஞ்சு மணிக்கு நாலும் திறக்கும். எட்டு மணிக்கு, பெரியவர் பேப்பரோடு வந்ததும், கீழ் ரெண்டும் சாத்தி சாய்பலகை மட்டும். பங்குனி, சித்திரையில் மத்தியானம் எல்லாம் மூடல். பொழுதோட எல்லாம் திறப்பு. ரோட்டில் லாரி மண் கொட்டினால் அவசர மூடல். ஆடி மாதக் காற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு: மேல் ஒற்றைக் கதவு, கொக்கி போட்டு. எதிர் பெரியவருக்கும் அப்பாவுக்கும் மேல் கதவு வழியாகவே சிநேகமாகி, இப்போது பேப்பர் எங்கள் வீட்டுக்கும் வருகிறது.

அப்பாவின் இளைப்பு போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஹேலர் இன்னும் தலையணைக்கடியில்தான் இருக்கிறது. ஆனால் கொசுவர்த்தி போய் கொசுவலை வந்தது. அந்த ஐப்பசி ராத்திரி மாதிரி இன்னொன்று இதுவரை வரவில்லை.

போன மாதம் அப்பா திருப்பூரில் அக்கா வீட்டுக்குப் போனார், ஒரு வாரம். நாலாம் நாள் சாயங்காலம் நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். புழுக்கம். சாய்பலகை ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தால் பதியும் அளவுக்குத் தூசி. அப்போதுதான் கவனித்தேன். அவர் போன நாளிலிருந்து யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. காலை எட்டரைக்கு நாங்கள் மூன்று பேரும் ஓடுகிறோம். ராத்திரி ஏழு மணிக்கு வருகிறோம். தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், நாலு மடக்கு, எல்லாம் சரி. அதற்கு ஆள் வேண்டும் என்பதை நான் கணக்கிலேயே எழுதவில்லை. பழைய துணியை எடுத்து அந்தப் பலகைகளைத் துடைத்தபோதுதான், தினமும் இதை யார் துடைத்தார்கள் என்பதும் தெரிந்தது. மொத்தம் இருபத்தெட்டுப் பலகை. மேல் பக்கம் ஒன்று, கீழ் பக்கம் ஒன்று.

ஆகவே, ஆபீஸ் போகும் நண்பர்களே, அடுக்கடுக்காகக் கதவு வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் அதை யார் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் 'யாரும் இல்லை' என்றால், ஒரே ஒரு கதவு போடுங்கள். அதைத் தினமும் திறங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது திருப்பூரிலிருந்து போன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பேத்தி எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

"ஜன்னலைத் தொறந்தயா கண்ணு?"

"தொறந்துட்டேன்ப்பா" என்று பொய் சொல்லிவிட்டு, திறக்க எழுந்தேன்.